போக்கர்: ரம்மியும் மூணு சீட்டும் தெரிந்தவர்கள் கேட்கும் கேள்விகள்

சனிக்கிழமை இரவு எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஆறேழு பேர் உட்கார்ந்து போக்கர் ஆடுவோம். காசு கிடையாது, புளியங்கொட்டைதான். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எனக்கு ரம்மி நன்றாக வரும். போக்கர் கற்றுக்கொள்ள எவ்வளவு நாள் ஆகும்?

விதிகளுக்கு அரை மணி நேரம் போதும். ஆனால் ரம்மிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. கையில் வந்த சீட்டை எப்படியாவது சேர்த்துவிடலாம், இன்னும் ரெண்டு சீட்டு இழுத்துப் பார்ப்போம் என்ற நம்பிக்கை. போக்கரில் அப்படி இழுத்துப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் காசு கட்ட வேண்டும். ரம்மியில் முதல் சுற்றிலேயே ஸ்கூட் விடுகிற (சீட்டைப் போட்டுவிட்டு விலகுகிற) ஆட்கள் இருப்பார்களே, கஞ்சத்தனமாக ஆடுகிறான் என்று நாம் கிண்டல் செய்வோமே, போக்கரில் அவர்கள்தான் சீக்கிரம் தேறுகிறார்கள்.

போக்கரில் நிறைய வகை இருக்கிறதாமே, எதைக் கற்றுக்கொள்வது?

டெக்சாஸ் ஹோல்டம். உலகம் முழுக்க இப்போது அதிகம் ஆடப்படுவது இதுதான், கீழே சொல்வதெல்லாம் இதைப் பற்றித்தான். பிறந்த ஊர் டெக்சாஸில் உள்ள ராப்ஸ்டவுன் என்று அந்த மாநிலச் சட்டமன்றமே 2007-ல் தீர்மானம் போட்டு அங்கீகரித்தது. 1960-களில் லாஸ் வேகாஸுக்குப் போனது, 1970-ல் அங்கே தொடங்கிய போக்கர் உலகத் தொடர் போட்டி (World Series of Poker) இதைப் பெரிதாக்கியது.

சரி, ஒரு ஆட்டம் எப்படி நடக்கும்? முதலிலிருந்து சொல்லுங்கள்.

ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் முன்னால் ஒரு பொத்தான் இருக்கும், நாங்கள் சோடா மூடி வைக்கிறோம். அந்த ஆட்டத்துக்கு அவர்தான் டீலர், ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் மூடி இடது பக்கம் ஒரு ஆள் நகரும். டீலருக்கு இடப்பக்கம் இருப்பவர் சின்ன பிளைண்ட், அடுத்தவர் பெரிய பிளைண்ட். அதாவது சீட்டுப் போடுவதற்கு முன்பே கட்டாயமாக 5 கொட்டையும் 10 கொட்டையும் நடுவில் வைக்க வேண்டும். மூணு சீட்டில் சீட்டைப் பார்க்காமல் ஆடுவதைத்தான் பிளைண்ட் என்போம், அதை மறந்துவிடுங்கள். இங்கே சீட்டை எல்லோரும் பார்த்துவிட்டுத்தான் ஆடுவோம்.

ஆளுக்கு ரெண்டு சீட்டு கவிழ்த்துப் போடுவார்கள், அதை நீங்கள் மட்டும் பார்க்கலாம். பெரிய பிளைண்டுக்கு அடுத்தவர் முதலில் பேச வேண்டும். அவருக்கு மூன்று வழி உண்டு. 10 கட்டிக் கூடவே வரலாம், அது கால். ஏற்றலாம், அது ரெய்ஸ், குறைந்தது 20 ஆக்க வேண்டும். இல்லையென்றால் சீட்டைக் கீழே போட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம், அது ஃபோல்டு. இப்படி ஒவ்வொருவராகப் பேசி, ஆட்டத்தில் மிச்சமிருப்பவர்கள் எல்லோரும் ஒரே தொகை கட்டிய பிறகுதான் சுற்று முடியும்.

அப்புறம் நடுவில் மூன்று சீட்டைத் திறந்து வைப்பார்கள். இது ஃபிளாப். இந்தச் சீட்டுகள் எல்லோருக்கும் பொது. இன்னொரு சுற்று பேச்சு, இந்த முறை டீலருக்கு இடப்பக்கம் ஆட்டத்தில் இருக்கிற முதல் ஆள் ஆரம்பிக்க வேண்டும். யாரும் இன்னும் காசு போடவில்லை என்றால் செக் என்று சொல்லி சும்மா தாண்டலாம். பிறகு நான்காவது சீட்டு, அது டர்ன், ஒரு சுற்று. ஐந்தாவது, ரிவர், கடைசிச் சுற்று. அதற்கு மேலும் ரெண்டு பேர் மிச்சமிருந்தால் சீட்டைக் காட்ட வேண்டும். கையிலுள்ள இரண்டு, நடுவிலுள்ள ஐந்து, ஆக ஏழில் நல்ல ஐந்தை எடுத்துக்கொள்ளலாம். கையிலிருந்து ரெண்டையும் சேர்க்கலாம், ஒன்றை மட்டும் சேர்க்கலாம், ஒன்றுமே சேர்க்காமல் நடுவிலிருக்கும் ஐந்தையே உங்கள் கையாகவும் சொல்லலாம்.

நடுவில் எப்போது ஒரே ஆள் மிச்சமானாலும் அவர் சீட்டைக் காட்டாமலேயே குவியலை எடுத்துக்கொள்வார். போக்கரின் பாதி சுவாரஸ்யம் இந்த ஒரு விதியில்தான் இருக்கிறது.

எது பெரியது, எது சின்னது?

மேலிருந்து கீழே சொல்கிறேன். ஒரே பூவில் வரிசையாக ஐந்து சீட்டு வந்தால் ஸ்ட்ரெய்ட் ஃபிளஷ், அதிலேயே 10 முதல் ஏஸ் வரை வந்தால் ராயல். அதற்குக் கீழே ஒரே எண்ணில் நாலு. பிறகு ஃபுல் ஹவுஸ், அதாவது மூன்று ராணி இரண்டு ஏழு என்பது போல. அடுத்து ஃபிளஷ், ஐந்தும் ஒரே பூ, வரிசை வேண்டாம். அடுத்து ஸ்ட்ரெய்ட், வரிசை மட்டும், பூ கலந்திருக்கலாம். பிறகு ஒரே எண்ணில் மூன்று, ரெண்டு ஜோடி, ஒரு ஜோடி, கடைசியாக ஒன்றுமே இல்லாத கை, அதில் பெரிய சீட்டு வைத்திருப்பவர் ஜெயிப்பார்.

மூணு சீட்டுக்காரர்கள் இங்கே ஒருமுறையாவது ஏமாறுவார்கள். அங்கே சீக்வென்ஸ் (வரிசை, அதாவது ஸ்ட்ரெய்ட்) கலரை (எல்லாம் ஒரே பூ, அதாவது ஃபிளஷ்) அடிக்கும், இங்கே கலர் சீக்வென்ஸை அடிக்கும். எவனோ வேண்டுமென்றே மாற்றி வைத்ததில்லை, கணக்குதான். மூன்று சீட்டில் கலர் 1,096 விதமாக வரும், சீக்வென்ஸ் 720 விதமாகத்தான் வரும், ஆகவே அங்கே சீக்வென்ஸ் அரிது. ஐந்து சீட்டுக்குப் போனால் தலைகீழ்: வரிசை 10,200 விதம், கலர் 5,108 விதம். அரிதானது பெரியது, அவ்வளவுதான் விதி.

ஏஸ் மேலேயும் வரும் கீழேயும் வரும். ஏஸ்-2-3-4-5 ஒரு வரிசைதான், ஆனால் இருப்பதிலேயே சின்ன வரிசை. ராணி-ராஜா-ஏஸ்-2-3 என்று சுற்றி வருவது செல்லாது. இஸ்பேட் பெரியதா ஆர்ட்டின் பெரியதா என்ற சண்டையும் வேண்டாம், ஹோல்டமில் பூக்களுக்குள் உயர்வு தாழ்வு கிடையாது.

ரெண்டு பேருக்கும் ஒரே ஜோடி வந்தால்?

ஐந்து சீட்டையும் ஒப்பிட வேண்டும். நடுவில் ஏஸ், 9, 7, 4, 2 கிடக்கிறது, பூ எல்லாம் கலவை. என்னிடம் ஏஸ்-ராணி, மாமாவிடம் ஏஸ்-8. இரண்டு பேருக்கும் ஏஸ் ஜோடி. என் ஐந்து: ஏஸ், ஏஸ், ராணி, 9, 7. மாமாவின் ஐந்து: ஏஸ், ஏஸ், 9, 8, 7. ராணி பெரியது, நான் ஜெயித்தேன். இந்தத் துணைச் சீட்டுக்குக் கிக்கர் என்று பெயர். "என்கிட்டயும் ஏஸ் இருக்கே" என்று மாமா ஒவ்வொரு வாரமும் கேட்பார், ஒவ்வொரு வாரமும் சொல்கிறேன்.

நடுவில் ஏஸ், ராஜா, ராணி, 9, 5 கிடந்து ஒருவரிடம் ஏஸ்-6, இன்னொருவரிடம் ஏஸ்-3 இருந்தால்? இருவரின் ஐந்தும் ஏஸ், ஏஸ், ராஜா, ராணி, 9. சமம். குவியலைப் பாதியாகப் பிரிக்க வேண்டும், ஆறாவது சீட்டு என்று ஒன்று கிடையாது.

கையில் காசு போதவில்லை என்றால் ஆட்டத்தை விட்டுவிட வேண்டுமா?

வேண்டாம். இருப்பதை முழுக்க வைத்து ஆல் இன் சொல்லலாம். உங்களிடம் 40, மற்ற இருவரிடம் 100, எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள் என்றால் ஆளுக்கு 40 வீதம் 120 ஒரு குவியல், அதில் உங்களுக்குப் பங்குண்டு. மிச்சம் 60-ம் 60-ம் தனிக் குவியல், அது அவர்கள் இருவருக்குள். சினிமாவில் கார் சாவியை, வீட்டுப் பத்திரத்தை எல்லாம் மேசையில் வைப்பார்களே, அதெல்லாம் நடக்காது. ஆட்டம் ஆரம்பித்தபோது மேசையில் என்ன இருந்ததோ அதுதான். அதேபோல "உன் இருபது... அதுக்கு மேல ஐம்பது" என்று இழுத்து இழுத்துச் சொல்வதும் செல்லாது, ஒரே மூச்சில் சொல்ல வேண்டும்.

எந்தச் சீட்டு வந்தால் ஆடலாம்?

இதுதான் உண்மையான முதல் பாடம். 52 சீட்டில் ரெண்டு சீட்டுச் சேர்க்கை 1,326 இருக்கிறது. ஏழெட்டுப் பேர் ஆடும் மேசையில் புதிதாக ஆடுகிறவர் ஐந்தில் நான்கைக் கீழே போட வேண்டும் என்பது என் கருத்து. அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் என் அனுபவத்தில் புதியவர்கள் தோற்கிற காசில் பெரும்பகுதி, முதலிலேயே போட்டிருக்க வேண்டிய சீட்டோடு உள்ளே வந்ததால் போனது.

எதை வைத்துக்கொள்வது? ஜோடிகள், குறிப்பாக 10-க்கு மேல். ஏஸ்-ராஜா, ஏஸ்-ராணி, ஏஸ்-ஜாக்கி, ராஜா-ராணி. ஒரே பூவில் அடுத்தடுத்து வருகிற ஜாக்கி-10, 10-9 மாதிரி சீட்டுகள், அதுவும் கடைசியாகப் பேசுகிற இடத்தில் இருந்தால். சின்ன ஜோடியோடு மலிவாக உள்ளே போகலாம், ஃபிளாப்பில் மூன்றாவது வந்து சேர்வது எட்டரைக்கு ஒரு தடவைதான், வராவிட்டால் பிடிவாதம் பிடிக்காமல் விட்டுவிட வேண்டும்.

"ரெண்டும் ஆர்ட்டின்" என்பதற்காக ராஜா-4 வைத்து உள்ளே வருகிறவர்கள் எங்கள் மாடியில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒரே பூவில் ரெண்டு சீட்டு வைத்திருந்தால் ஃபிளாப்பிலேயே கலர் அடிப்பது 119-ல் ஒரு முறை. ஏஸ்-5 கலர் மாறி வந்தாலும் அதே கதை, ஏஸ் விழுந்தால் உங்கள் கிக்கர் உதைக்கும்.

டாயில் பிரன்சன் என்ற டெக்சாஸ்காரர் 1976, 1977 என்று அடுத்தடுத்து ரெண்டு வருடம் உலகத் தொடரை ஜெயித்தார், ரெண்டு முறையும் கடைசிக் கையில் அவர் பிடித்திருந்தது 10-2. அதைக் கேட்டுவிட்டு 10-2 ஆடக் கிளம்பாதீர்கள்.

இடம் முக்கியம் என்கிறார்களே, எங்கே உட்கார்ந்தால் என்ன?

நாற்காலி முக்கியமில்லை, சோடா மூடியிலிருந்து எவ்வளவு தூரம் என்பது முக்கியம். டீலர் ஃபிளாப், டர்ன், ரிவர் மூன்றிலும் கடைசியாகப் பேசுகிறார். மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கிறார். சந்தையில் நாலு பேர் விலை கேட்டு முடித்த பிறகு நாம் போய்க் கேட்பது மாதிரி. அதனால் ராஜா-ஜாக்கியை முதலில் பேசும் இடத்தில் கீழே போடுங்கள், டீலர் இடத்தில் அதே சீட்டை ஏற்றி ஆடுங்கள். ஒரே சீட்டுக்கு ரெண்டு விலை.

ஒரு சீட்டு வந்தால் ஜெயிப்பேன் என்ற நிலையில் காசு கட்டிப் பார்க்கலாமா?

விலையைப் பொறுத்தது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், இது புரிந்தால் மற்றதெல்லாம் தானாக வரும்.

உங்கள் கையில் ரெண்டு கிளாவர், நடுவில் நான்கு சீட்டு வந்தாயிற்று, அதில் ரெண்டு கிளாவர். இன்னும் ஒன்று வந்தால் கலர். மொத்தம் 13 கிளாவரில் 4 தெரிந்துவிட்டது, மிச்சம் 9. நீங்கள் பார்க்காத சீட்டு 46. 46-ல் 9, கிட்டத்தட்ட 20 சதவீதம், ஐந்துக்கு ஒரு தடவை.

குவியலில் 60 இருக்கிறது. எதிராளி 30 போடுகிறார். நீங்கள் 30 கட்டினால் ஜெயிக்கக் கிடைப்பது 90. 30 கட்டி 120 கொண்ட குவியலுக்குப் போட்டி போடுகிறீர்கள், நாலுக்கு ஒரு தடவையாவது ஜெயித்தால்தான் கட்டுப்படியாகும். உங்களுக்கோ ஐந்துக்கு ஒன்று. விடுங்கள். அதே இடத்தில் அவர் 15 மட்டும் போட்டால்? 15 கட்டி 90-க்கு, ஆறுக்கு ஒன்று போதும். தாராளமாகக் கட்டுங்கள். சீட்டு அதேதான், வாய்ப்பும் அதேதான், விலை மட்டும் மாறியது, பதிலும் மாறிவிட்டது.

மனக்கணக்குக்கு ஒரு குறுக்கு வழி: உதவக்கூடிய சீட்டு எத்தனை என்று எண்ணி, ஒரு சீட்டு வர வேண்டியிருந்தால் 2-ஆல் பெருக்குங்கள், ரெண்டு சீட்டும் வர வேண்டியிருந்தால் 4-ஆல். ஒன்பது சீட்டுக்கு 18, 36. உண்மையில் 20-ம் 35-ம், போதுமான அளவு கிட்டத்தில் இருக்கிறது. ரெண்டு பக்கமும் திறந்த வரிசைக்கு (5-6-7-8 போல) எட்டு சீட்டு, நடுவில் ஓட்டை உள்ள வரிசைக்கு (5-6-8-9 போல) நாலு. ஆனால் ஃபிளாப்பில் இருந்துகொண்டு 36 என்று கணக்குப் போட்டு கட்டுகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள், டர்னில் எதிராளி மறுபடி காசு கேட்பார். ஆல் இன் ஆகிவிட்டால் மட்டும்தான் அந்த ரெண்டு சீட்டையும் ஒரே விலைக்குப் பார்க்க முடியும்.

இன்னொரு பக்கமும் உண்டு. கலர் விழுந்த பிறகு எதிராளி விடாமல் இன்னொரு 100 கட்டுவார் என்று தெரிந்தால் இப்போது கொஞ்சம் அதிக விலை கொடுக்கலாம். எங்கள் மாமா "பாத்துடலாமே" என்று எதற்கும் கட்டுகிற ஆள், அவருக்கு எதிராக இந்தக் கணக்கு ரொம்ப நன்றாக வேலை செய்யும்.

எவ்வளவு போடுவது என்று எப்படி முடிவு செய்வது?

சீட்டுப் பிரித்தவுடன் ஏற்றுவதென்றால் பெரிய பிளைண்டைப் போல மூன்று மடங்கு, ஏற்கனவே கூட வந்தவர் ஒவ்வொருவருக்கும் இன்னொரு மடங்கு சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபிளாப்புக்குப் பிறகு குவியலில் பாதியிலிருந்து மூன்றில் ரெண்டு பங்கு வரை. 200 கிடக்கிற குவியலில் 10 போடுவது அர்த்தமில்லாதது, எல்லோருக்கும் இலவசமாகச் சீட்டுக் காட்டுகிறீர்கள்.

பிளஃப் அடிக்கத் தெரியாமல் போக்கர் ஆட முடியுமா?

பிளஃப் என்றால் நல்ல சீட்டு இல்லாமலே காசு போட்டு மிரட்டி எதிராளியை விட வைப்பது. அது இல்லாமல் முதல் ரெண்டு மாதம் முடியும், அதுவே நல்லதும்கூட. புதியவர்கள் பிளஃப் தெரியாமல் தோற்பதை விட, அடித்தே ஆக வேண்டும் என்று நினைத்துத் தோற்பதுதான் அதிகம்.

இதிலும் விலைக் கணக்குதான். குவியலில் 100, நீங்கள் 50 போட்டு மிரட்டுகிறீர்கள். மூன்றுக்கு ஒரு முறை எதிராளி சீட்டைப் போட்டாலே கட்டுப்படியாகிவிடும். 100 போட்டால் ரெண்டுக்கு ஒரு முறை போட வேண்டும். ஆகவே கேள்வி உங்கள் துணிச்சலைப் பற்றியதே கிடையாது, எதிராளி எத்தனைக்கு ஒரு முறை விடுவார் என்பதுதான். மாமாவிடம் பிளஃப் அடித்தால் காசு போகும், அவர் விடவே மாட்டார். பயந்து பயந்து ஆடுகிற ஆளிடம் அடியுங்கள். ஒரே ஆள் எதிரில் இருக்கும்போது அடியுங்கள், நாலு பேர் இருந்தால் எவரோ ஒருவரிடம் நல்ல சீட்டு இருக்கும். இன்னும் வராத கலரையோ வரிசையையோ வைத்துக்கொண்டு அடிப்பது சிறந்தது, விட்டாலும் லாபம், விடாவிட்டாலும் சீட்டு வந்து காப்பாற்றலாம்.

முகத்தைப் பார்த்தே சீட்டைச் சொல்லிவிடுவார்களாமே?

கறுப்புக் கண்ணாடி எல்லாம் வேண்டாம். முகத்தைவிட அவர் எவ்வளவு போட்டார், எப்போது போட்டார் என்பதைக் கவனியுங்கள்.

ரெண்டு ஏஸ் வந்தும் தோற்றேன். இது என்ன ஆட்டம்?

ஜோடி ஏஸ் 221-ல் ஒரு முறை வரும். மணிக்கு முப்பது கை போனால் ஏழு மணி நேரத்துக்கு ஒரு தடவை. அதனால் தோற்றால் வயிறு எரியும், புரிகிறது. ஆனால் எதிரில் ஜோடி ராஜா இருந்தாலே ஏஸ் 100-க்கு 18 தடவை தோற்கும். ஏதோ சீட்டு வைத்திருக்கிற ஐந்து பேர் கடைசி வரை கூடவே வந்தால் ஏஸ் ஜெயிப்பது பாதிக்கும் ஒரு துளி குறைவு. அதனால்தான் ஏஸ் வந்ததும் மறைத்து வைத்துச் சிரிக்காமல் உடனே ஏற்ற வேண்டும், ஒன்று அல்லது ரெண்டு பேரோடு நிறுத்த வேண்டும். சரியாக ஆடியும் தோற்றால் அடுத்த கையை ஆடுங்கள். தோற்ற கடுப்பில் அடுத்த நாலு கையையும் குப்பைச் சீட்டோடு ஆடுவதுதான் பெரிய நஷ்டம். எனக்கும் நடந்திருக்கிறது, ஒரு ராத்திரியில் முந்நூறு கொட்டை.

அப்படியானால் இது அதிர்ஷ்டமா, திறமையா?

ஒரு ராத்திரிக்கு அதிர்ஷ்டம், ஒரு வருடத்துக்குத் திறமை. 2003-ல் கிறிஸ் மணிமேக்கர் என்ற டென்னசி கணக்காளர் (பெயரே அதுதான், நான் வைத்ததில்லை) இணையத்தில் சின்னத் தொகை கட்டித் தகுதி பெற்று, 839 பேர் ஆடிய உலகத் தொடரை ஜெயித்து 25 லட்சம் டாலர் எடுத்துப் போனார். புதியவரும் ஜெயிக்கலாம் என்பதற்கு அதைச் சொல்வார்கள். மறுபக்கம், 2019-ல் புளூரிபஸ் என்ற கணினி நிரல் ஆறு பேர் மேசையில் தொழில்முறை ஆட்டக்காரர்களை ஆயிரக்கணக்கான கைகளில் தோற்கடித்தது. முழுக்க அதிர்ஷ்டம் என்றால் அத்தனை கைகளில் அது முந்தியிருக்க முடியாது.

இணையத்தில் காசு வைத்து ஆடலாமா?

இந்தியாவில் இருந்தால் வேண்டாம். தமிழ்நாடு அரசு 2022-ல் தடைச் சட்டம் கொண்டுவந்தது, ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்பதால் அவற்றுக்கான தடை செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்தது. ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்றே பார்க்காமல் இணையப் பண விளையாட்டு எல்லாவற்றையும் தடை செய்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், இணைய ரம்மியில் கடன்பட்டு உயிரை விட்டவர்களின் செய்திகளை நாம் படித்திருக்கிறோம். புளியங்கொட்டையில் ஆட்டம் ருசிக்காது என்று சொல்கிறவரோடு நான் ஆடுவதில்லை.

வீட்டில் ஆரம்பிக்க என்னென்ன வேண்டும்?

ஜோக்கரை எடுத்துவிட்ட ஒரு சீட்டுக்கட்டு, ஆளுக்கு 200 கொட்டை (அல்லது சோழி, சட்டைப் பொத்தான், எதுவானாலும்), ஒரு சோடா மூடி. பெரிய பிளைண்ட் 2, சின்னது 1 என்று வையுங்கள். கொட்டை தீர்ந்தவர் அந்த ராத்திரிக்கு மறுபடி வாங்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லோரும் முதல் கையிலேயே ஆல் இன் என்று கத்துவார்கள். கொட்டைக்கு மதிப்பு வருவது அது தீரும் என்று தெரியும்போதுதான்.

ரெண்டு பேர் மட்டும்தான் இருக்கிறோம், ஆடலாமா?

ஆடலாம், ஒரு மாற்றம் இருக்கிறது. சோடா மூடி வைத்திருப்பவரே சின்ன பிளைண்ட் கட்ட வேண்டும். ஃபிளாப்புக்கு முன் அவர் முதலில் பேசுவார், ஃபிளாப்புக்குப் பிறகு கடைசியில். மேலே சொன்ன ஐந்தில் நான்கைப் போடும் கணக்கு இங்கே செல்லாது, அப்படிப் போட்டுக்கொண்டிருந்தால் பிளைண்டிலேயே கொட்டை தீர்ந்துவிடும். ஏஸ் ஒன்று இருந்தாலே நல்ல கை, ராஜா-7 கூட ஆடலாம். மழை வந்து மற்றவர்கள் வராத சனிக்கிழமைகளில் நானும் மைத்துனரும் இப்படித்தான் ஆடுகிறோம், இதுவரை அவர் கையில்தான் கொட்டை அதிகம்.